ஹால்வர்சன்கள் களமிறங்குவார்கள்

இறந்தவர் முகத்துக்கு ஒப்பனை செய்ய எனக்கு நாற்பது நிமிடம் போதும். உயிரோடு இருப்பவர் முகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. தோல் சூடாக இருக்கும். அதோடு அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

நடந்ததை என் சொற்களில் எழுதித் தரும்படி, கல்லூரி மல்யுத்தப் போட்டிகளுக்கான உங்கள் ஒழுங்கு விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. எழுதவே கூடாது என்கிறார் என் வழக்கறிஞர். அவர் நகரத்திலிருந்து வந்தவர். ஒருவன் தன் வாயால் சொல்வதற்கு இந்தப் பக்கத்தில் என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. உங்கள் பதிவேட்டில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

என் பெயர் ஆர்விட் ஹால்வர்சன். வயது அறுபத்தெட்டு. என் தந்தை தொடங்கிய இறுதிச்சடங்கு இல்லத்தை நடத்துகிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாகிற லூத்தரன்கள் என் கையால்தான் போகிறார்கள். அந்தப் பக்கத்து செக் கத்தோலிக்கர்களுக்கு வேறு ஆள் இருக்கிறார். இரண்டு கரையிலும் ஒவ்வொரு கல்லூரி, ஒவ்வொரு மல்யுத்த அணி. நடுவில் ஒரு நசுங்கிய பால் கேன். பிப்ரவரியில் நடக்கும் போட்டியில் எந்த அணி வெல்கிறதோ அது அந்தக் கேனை ஓராண்டு வைத்துக்கொள்ளும். அயோவாவில் பிறக்காதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். உங்கள் குழுவில் அப்படி இரண்டு பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

என் தந்தை 1951இல் விலா எலும்பு முறிந்த நிலையில் களமிறங்கினார். நான் 1978இல் நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலோடு இறங்கினேன். அந்தக் கரையின் லாடி குபிசெக் நாற்பது விநாடியில் என்னை மல்லாத்தினான். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. ஒரு வீரன் வராவிட்டால் எதிராளி தனியாக விரிப்பின் நடுவில் வந்து நிற்பான், நடுவர் அவன் கையைத் தூக்குவார், அவன் அணிக்கு ஆறு புள்ளி. அடிபட்டுத் தோற்றவனுக்கு அவன் தாயாவது கைதட்டுவாள். வராதவனுக்கு யாரும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் ஹால்வர்சன் என்ற பெயருக்கு நேரே 'களமிறங்கவில்லை' என்ற சொல் இருந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

என் மகன் நெல்ஸ், எங்களுக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே பிள்ளை, நூற்று எழுபத்து நான்கு பவுண்டு பிரிவில் ஆடுகிறான். அந்தப் பிரிவில் எங்கள் அணிக்கு இருந்த மாற்று ஆள் கிறிஸ்துமஸுக்கு முன்பே முழங்காலை உடைத்துக்கொண்டான். நெல்ஸ் இல்லையென்றால் ஆள் இல்லை. அந்த வாரம் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என மூன்று போட்டிகள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவனின் வலது நெற்றிப்பொட்டில் ஐந்தாறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக இருந்தன. அடித்தோல் சிவந்திருந்தது. என் மனைவி மார்லிஸ் பரிமாறுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டாக்டரிடம் காட்டச் சொன்னாள்.

"அக்கி மாதிரி இருக்குப்பா, உரசினா ஒட்டிக்குமே. போன வருஷம் ரெண்டு பசங்களுக்கு வந்துச்சே, அதேதான். கோச் கிட்ட சொல்லிடுறேன்" என்றான் நெல்ஸ்.

"காதுக்கவசம் உரசின புண்ணு அது" என்றேன். "நாப்பது வருஷமா தோலைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மறுநாள் காலையில், எனக்குத் தெரிந்த தோல் மருத்துவர் ஒருவருக்குப் படம் அனுப்பியதாகவும் அவரும் உரசல் என்றே சொன்னதாகவும் அவனிடம் சொன்னேன். அப்படி ஒரு மருத்துவர் கிடையாது. ஆனாலும் போட்டிக்கு முன் தோலைச் சோதிப்பவர்களுக்கு உரசலுக்கும் அக்கிக்கும் வித்தியாசம் தெரியாது, வீணாக நிறுத்திவிடுவார்கள், அதனால் மறைத்துவிடலாம் என்றேன். அவன் ஒப்புக்கொண்டான். என்னிடமிருந்து அவன் பொய் கேட்டதில்லை. அவனை விசாரித்தபோது இதை நீங்கள் நம்பவில்லை என்று அறிந்தேன். நம்பியிருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் பயன்படுத்தும் பூச்சு மெழுகு கலந்தது. காயத்தையும் கன்றலையும் முழுக்க மூடிவிடும். அதை மெல்லிதாக இரண்டு தடவை பூசி, மேலே பதிய வைக்கும் பவுடரை ஒற்ற வேண்டும். பவுடர் போட்டால் வியர்வையில் எளிதில் வராது. செவ்வாய்க்கிழமை சோதித்த மருத்துவர் போனில் பேசிக்கொண்டே பையன்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தார். நெல்ஸ் அன்று எதிரணியின் கோல்பி என்ற பையனை இரண்டாம் சுற்றில் மல்லாத்தினான். வெள்ளிக்கிழமையும் வென்றான். வெள்ளிக்கிழமைப் பையனுக்கு இன்றுவரை எதுவும் வரவில்லை. உங்கள் அறிக்கையின் பதினான்கு பக்கங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இடையில் புதன்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் காப்பிக்கடைக்கு லாடி குபிசெக் வந்தான். அவன் டிராக்டர் விற்கிறவன்; வாரம் ஒருமுறை ஆற்றைக் கடப்பான். அவன் மகன் மைலோவும் நூற்று எழுபத்து நான்கு பவுண்டு. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன ஆர்விட், பெட்டி தயாரா? ஞாயித்துக்கிழமை உன் பையனுக்குத்தான் அளவு எடுக்கணும்."

நான் காப்பியைக் குடித்தேன்.

"இல்ல, வயித்துவலின்னு வீட்டுலயே வச்சுக்கப்போறியா? வச்சுக்கோ, வச்சுக்கோ. வந்தாலும் உங்க வீட்டுக் கணக்கு நாப்பது செகண்டுதானே."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய ஆட்கள் அல்ல, என் ஊர்க்காரர்கள். யார் யாருடைய தாய்க்கு நான் தலைசீவி, கைகளைக் கோத்து வைத்தேனோ அவர்கள். அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான். விளையாட்டுக்குச் சொன்னான் என்று மார்லிஸ் சொன்னாள். நாற்பத்தேழு வருடம் ஒருவன் ஒரே விளையாட்டை விளையாடினால் அதற்குப் பெயர் விளையாட்டு அல்ல.

சனிக்கிழமை காலை பயிற்சியாளர் ஷ்ராடர் போன் செய்தார். செவ்வாய்க்கிழமைப் பையன் கோல்பி மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார். காய்ச்சல், முகத்தில் கொப்புளம், கண் இமை வரை பரவியிருக்கிறது. அவனோடு மோதியவர்கள் எல்லாரையும் விசாரிக்கிறார்களாம்.

"நம்ம நெல்ஸ் மேல ஒண்ணும் இல்லையே சார்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அவன் இல்லன்னா நாளைக்கு கேன் போச்சு."

ஒன்றும் இல்லை என்றேன். அவர் நன்றி சொன்னார். ஐந்து மைல் தள்ளி இருப்பவர், நேரில் வந்து பையன் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவரை நீங்கள் எச்சரிக்கையோடு விட்டுவிட்டீர்கள். போனை வைத்ததும் யார் என்று மார்லிஸ் கேட்டாள். டிக்கெட் விஷயம் என்றேன். நெல்ஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் விலகியிருப்பான். அவன் தாயின் குணம் அது.

சனிக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. என் மீது இரக்கப்பட்டு யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்த இரக்கம் வேண்டாம். நாற்பது வருடம் தோலைப் பார்த்தவன் நான். திங்கட்கிழமை, அவன் தொப்பியைக் கழற்றியபோதே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்லூரியில் ஒரு பெண் மருத்துவர் விளக்கை முகத்தருகே பிடித்துச் சோதித்தார். மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். என் வேலை தேறியது. களத்துக்குப் போகும் முன் நெல்ஸைத் தனியாக அழைத்து ஒன்று மட்டும் சொன்னேன்: தூரத்தில் நின்று ஆடாதே, தலையோடு தலை வை, உன் வலது நெற்றிப்பொட்டு அவன் வலது நெற்றிப்பொட்டை விட்டுப் பிரியக்கூடாது, ஏழு நிமிடமும். அது நல்ல உத்தி. மைலோ கால்களைத் தாக்குகிறவன். நெருங்கி நின்றால் அவனால் குனிய முடியாது. எந்தப் பயிற்சியாளரும் இதையே சொல்லியிருப்பார்.

அப்படியே ஆடினான். குபிசெக் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. மூன்றாம் சுற்றில் மைலோ கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏழுக்கு நாலு. என் மகன் கையை நடுவர் தூக்கினார். கேன் எங்கள் கரைக்கு வந்தது. லாடி விரிப்பைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"உன் பையன் ஆம்பளையா ஆடினான் ஆர்விட். பழசெல்லாம் மனசுல வச்சுக்காத."

கை நீட்டினான். குலுக்கினேன். பிறகு கழிப்பறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அது தொழில் பழக்கம்.

கோல்பி பிழைத்துக்கொண்டான். இமையில் தழும்பு மட்டும்தான். மைலோவுக்கு அக்கி விழிக்குள் இறங்கிவிட்டது. மார்ச் மாத நடுவில், வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது என்று மருத்துவர்கள் சொன்னதாகக் கேட்டேன். நெல்ஸ் மருத்துவமனைக்குப் போய் அவனைப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்தவன் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறையில் என் எதிரில் நின்றான்.

"ஞாயித்துக்கிழமை நீங்க பவுடர் போடல."

"நேரம் இல்ல."

"இருந்துச்சுப்பா. கதவு திறக்கலன்னு இருபது நிமிஷம் கார்ல உக்காந்திருந்தோம். பவுடர் டப்பா உங்க மடியிலதான் இருந்துச்சு."

மார்லிஸ் அடுப்பை அணைத்தாள். தகப்பனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவன் அன்றே போய்விட்டான். அந்த வார இறுதியில் மார்லிஸ் தன் தங்கை வீட்டுக்குப் போனாள்.

அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். பவுடர் இல்லாத பூச்சு குளிர்ந்த அறையில் விளக்கு வெளிச்சத்தைத் தாங்கும். வியர்வையைத் தாங்காது. இரண்டாவது நிமிடம் உருகத் தொடங்கும். நான்காவது நிமிடம் பச்சைப் புண் மட்டும் இருக்கும். கோல்பிக்கு வந்தது பவுடரை மீறி வந்தது. அதை நான் விரும்பவில்லை. மைலோவுக்கு வந்தது நான் அனுப்பியது. எந்தப் பொட்டு எந்தக் கண்ணுக்கு நேராக வரும் என்பதைச் சனிக்கிழமை பிற்பகல் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன். லாடி ஒரு வாரம் அவமானப்படட்டும், பையன் பருவம் முழுக்க வெளியே உட்காரட்டும் என்று மட்டும்தான் எண்ணினேன் என எழுதச் சொல்கிறார் வழக்கறிஞர். கோல்பியின் இமையைப் பற்றி ஷ்ராடர் என்னிடம் சொன்ன பிறகுதான் கண்ணாடி முன் நின்றேன். ஆகவே அப்படி எழுத முடியாது.

இதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள். என் உரிமத்தைப் பறியுங்கள். ஷெரிஃபிடம் அனுப்புங்கள், அவர் தந்தையை நான்தான் அடக்கம் செய்தேன், அங்கே போக எனக்கு வழி தெரியும். ஆனால் அந்த வாரத்து மூன்று போட்டிகளுக்கும் நேரே 'ஹால்வர்சன் – களமிறங்கவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பது பொய். அவன் களமிறங்கினான். மூன்று முறை இறங்கினான். மூவாயிரம் பேர் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழுக்கு நாலு என்று வென்றான். முதல் சுற்று முடியும்வரை மைலோவுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. அப்போதே என் மகன் மூன்று புள்ளி முன்னால் இருந்தான். மற்றவர்களின் கோழைத்தனத்துக்கும் உங்கள் வசதிக்கும் என் குடும்பத்தின் பெயரைப் பலி கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இதை நான் முன்பே கேட்டு எழுதியபோது, அப்படி எழுதச் சொல்லி வேண்டியது நெல்ஸ்தான் என்று உங்கள் செயலாளர் பதில் அனுப்பினார். அவன் கைப்பட எழுதிய கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார். மூன்று வரிதான். யாரோ பக்கத்தில் நின்று எழுத வைத்திருக்கிறார்கள். கையெழுத்து அவனுடையதுதான், எனக்குத் தெரியும். நெல்ஸ் என்று போட்டு, அதன்பின் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை எழுதியிருக்கிறான். அவசரத்தில் மாறியிருக்கும்; அதையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.