ஒத்திகை நாற்காலியிலிருந்து ஒரு கேள்வி

அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, ஆறுதல் சொல்லும் கலையை அள்ளித் தரும் ஆசிரியப் பெருமக்களே, பட்டம் பெறப் பரபரக்கும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்ற தாய்மார்களே, வணக்கம்!

முதலில் ஒரு திருத்தம். "தனிமையைப் போக்கிக்கொள்ள இங்கே வருகிறார்" என்று தலைவர் என்னை அறிமுகம் செய்தார். இல்லை. நான் வேலைக்கு வருகிறேன். உளவியல் ஆலோசகராகப் படிக்கும் பிள்ளைகள் பேசிப் பழக, துயரப்பட்டவளாக நடிப்பது என் வேலை. ஒரு வாரம் குடிகாரனின் மனைவி. மறு வாரம் மகனைத் தொலைத்த தாய். 'வாடகைக் கண்ணீர்' என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள், பெயர் வைத்தவர்களும் நீங்கள்தானே!

இறுதித் தேர்வில் நான் உறக்கம் தொலைத்த துப்புரவுத் தொழிலாளி. எதிரே தேர்வெழுத வந்த மாணவி, ஒரு பேருந்து நடத்துநரின் மகள். மற்றவர்கள் என் குறையைத் துருவினார்கள். அவளோ, வேலையிடத்தில் உட்கார விடுகிறார்களா என்று கேட்டாள். பிறகு, "யாரும் பார்க்காதப்பவும் நீங்க நல்லா செய்யுற வேலை ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றாள்.

என் வேடத்தில் அதற்கு விடையில்லை. என் வீட்டில் இருந்தது.

"பேப்பர் வாசிப்பேன். சத்தமா. பள்ளிக்கூடத்துல கன்னியாஸ்திரிகள் பிரம்பால திருத்துன உச்சரிப்பு."

"யாருக்கும்மா?"

"என் வீட்டுக்காரருக்கு. அவருக்குக் கண்ணு போனதுலேர்ந்து."

"இப்ப?"

"இப்பவும்தான். அவரோட நாற்காலிக்கு."

பாவம் என்றாளா? இல்லை. பதறினாளா? இல்லை. "இன்னைக்கு வாசிச்சதுல கொஞ்சம் சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றாள். வானிலை அறிக்கையைச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் "ம்" கொட்டினாள்.

'கொடுத்த சிக்கலை விட்டு விலகினாள்' என்று அவளுக்குத் தோல்வி. இன்று இந்த அரங்கில் அவளுக்கு இடமில்லை.

விலகியவள் நான், விழுந்தவள் அவளா? குறையைத் தேடாதே, வலிமையைத் தேடு என்று வகுப்புதோறும் முழங்குகிறீர்களே, தேடிக் கண்டவளைத் தெருவில் நிறுத்துவதா? எளியவருக்கு நீதி என்று எழுதிவைத்த இந்த மேடையில், எளியவர் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இல்லையா நீதி?

கைதட்டல் வேண்டாம், காது வேண்டும்.

தனிமை என்றீர்களே, தலைவர் அவர்களே. அந்த ஒரு "ம்" கேட்கும்வரை, அப்படியொன்று என் வீட்டில் குடியிருப்பது எனக்கே தெரியாது. கண்டுபிடித்தவள் அவள். அவளுக்கு மறுதேர்வு வையுங்கள். அதே நாற்காலியில் நான் வந்து உட்காருகிறேன்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். உங்கள் முடிவை எனக்கு எழுத்தில் அனுப்பிவையுங்கள்.