இளைத்த கல்

— தராசுல போட்டுப் பாத்துட்டேன், பொன்ஸு. நீ செதுக்கின ஒவ்வொரு கல்லும் ஒரு கொழுத்த ஆட்டு எடை கம்மி.

— உங்க தராசு சரியில்ல, உகோ மேஸ்திரி.

— என் தராசைக் குறை சொல்லாத. கோயில் கட்டுற கொத்தன்னு உன்னைக் கொண்டாந்து விட்டப்பவே எனக்கு ஒப்பல. முற்றுகை போட்டு நாப்பது நாளாச்சு. கடைசி நாலு நாளா நம்ம எறிபொறி ஒரு கல்லைக்கூட மதில்ல அடிக்கல. கவண் கயித்தை மாத்தினேன், கொக்கியை வளைச்சேன். கோளாறு உன் உளியில இருந்திருக்கு. பிரபு காதுக்குப் போனா உன்னையே கவண்ல வெச்சு எறியச் சொல்வாரு.

— சொல்லிடாதீங்க. என் மக அசலையை அந்த மதிலுக்குள்ள இருக்குற ஊர்லதான் கட்டிக் குடுத்திருந்தேன். மதில் உடைஞ்சு நம்மாளுங்க உள்ள போனா பொம்பளைங்களை என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? இளைச்ச கல்லு மதிலை உடைக்காதுன்னுதான் கொஞ்சம் கூடச் செதுக்கிட்டேன்.

— குடுத்திருந்தேன்னா? இப்ப அங்க இல்லையா?

— நாலு நாளா எங்கூடத்தான் இருக்கா. சாக்கடை மதகு வழியாத் தப்பிச்சிருப்பா. நீங்க இனிமே முழுக் கல்லாவே எறிங்க.

— நம்ம காவலைத் தாண்டி எலிகூட வராது. எங்க அவ?

— அதோ, கல்லுக் குவியல்மேல. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. எவ்வளவு தட்டினாலும் போகல.

— அங்க யாருமில்லையே.

— நடுமத்தியானம், உங்களுக்குக் கண்ணு கூசுது. ரொட்டி குடுத்தேன், கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. மிரண்டு போயிருக்கா பாவம்.

— பொன்ஸு, ஊருக்குள்ள அவ வீடு எங்க?

— மதிலுக்கு அந்தப் பக்கம், ரொட்டி அடுப்புத் தெரு. எதுக்குக் கேக்குறீங்க?

— எறிபொறியோட மறுமுனையில தொங்குற எடைப் பெட்டியில நான் ஒரு கூடை மண்ணுகூடக் குறைக்கல. அதே பாரந்தான் இறங்குது. கல்லு மட்டும் இளைச்சுப் போனா அது எங்க போய் விழும்?

— மதிலுக்கு முன்னாலயே விழும்.

— கிழிச்சுது. லேசான கல்லுதான்யா தூரமாப் போகும். கல்லுக் குழியில குந்திச் செதுக்குறவனுக்கு அது எங்க தெரியும்? நாலு நாளா ஒவ்வொண்ணும் மதிலைத் தாண்டித்தான் போச்சு. மொதக் கல்லு விழுந்தப்ப நான் பாத்துக்கிட்டே நின்னேன். அடுப்புத் தெருவுலேர்ந்துதான் புழுதி கிளம்புச்சு.

— மெதுவாச் சொல்லுங்க மேஸ்திரி. அவளுக்கு இன்னும் தெரியாது.