செவப்புக் கோடு எந்தக் கிராமம்

...கேட்டா பதிலும் சொல்லுதா பாத்துக்கிடுங்க, அதுதான் எனக்கு எரிச்சல்! "சார், கலரை நாம நேரா சொல்லிட்டோம்ல, அதான் லெஜண்ட் வரல"ங்கா. ஏன் தம்பி, கலரை நேரா சொல்லாம சுத்தி வளைச்சா சொல்லுவாங்க? செவப்புன்னா செவப்பு!

ப்ரீதான்னு எங்க ஆபீசுல ஒரு பிள்ளை. கான்ட்ராக்ட்ல புரோகிராம் எழுதுதா. அவளைத்தான் சொல்லுதேன்... எடம் குடுத்ததுக்கு ரொம்ப சந்தோசம். பைய இங்கன வைங்க. டெல்லி பஸ்ஸுல நீங்க போன்ல நம்ம ஊருப் பேச்சு பேசுதது கேட்டுச்சு, அதான் பக்கத்துல வந்தேன். எந்த ஊரு?... சங்கரன்கோயிலா! சரியாப் போச்சு. நான் கடையநல்லூர். சுப்பையா. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். நீங்க முனிர்காவுல ஏறினவுகளா? அங்கன ரூம்பு சின்னதா இருக்குமே... சரி சரி.

லெஜண்ட்னா தெரியும்லா? படத்து ஓரத்துல ஒரு பெட்டி. இந்தக் கோடு இன்னாருது, அந்தக் கோடு இன்னாருதுன்னு எழுதியிருக்கும். முன்னால நாங்க கிராஃப் தாள்ல பென்சில்ல போடுவோம். லெஜண்ட் வேணுமா, ஸ்கேல வச்சு நாலு கோடு. பெட்டி ஆச்சு. ரெண்டு நிமிசம். இப்பம் கம்ப்யூட்டர்ல 'ஆர்'னு ஒரு சாமான். பேரே ஒரு எழுத்துதான், அதுக்கு மேல வைக்க மனசு வரல போல. நாம எழுதிக் குடுத்தா அது படம் போடும். அடுக்கடுக்கா போடும். மொதல்ல புள்ளி. அதுமேல கோடு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மங்கலா ஒரு பட்டை. எல்லாம் அழகாத்தான் இருக்கு. லெஜண்ட் மட்டும் இல்ல!

ஏன்னா, 'இதுக்கு நீலம், அதுக்குச் செவப்பு'ன்னு நாம சொன்னா அது பூசிட்டு சும்மா இருந்துரும். சொன்னதச் செஞ்சாச்சு, இன்னும் என்னங்கும். எங்க ஆபீசு ப்யூன் மாதிரி. 'கலரு கிராமத்தப் பொறுத்தது'ன்னு சொல்லணுமாம். அப்பந்தான், ஓஹோ, இந்தக் கலருக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு தானா பெட்டி போடுமாம். என்ன மரியாதை பாருங்க அதுக்கு!

என்ன படமா? சத்துமாவு படம். நாப்பது கிராமம். இருவதுல பிள்ளைகளுக்கு மாவு குடுத்தாச்சு, இருவதுல குடுக்கல. ரெண்டு வருசம் எடை பாத்தாச்சு. மாவு தின்ன பிள்ளைக நீலக் கோடு, ஏறிக்கிட்டே போவுது. தின்னாதது செவப்பு, தரையில இழுத்துக்கிட்டுக் கெடக்கு...

அய்ய, இன்னும் இந்த சிக்னலா? ரோடு பூரா தோண்டிப் போட்டுட்டான். அடுத்த வருசம் வெளையாட்டுப் போட்டி வருதுல்லா, அதுக்கு இப்பமே நம்மள ஓட விடுதான்.

என்ன சொன்னேன்... ஆங், அவ ஒருவழியா லெஜண்ட வர வச்சா. அதுலயும் வில்லங்கம். மேல 'கன்ட்ரோல்', கீழ 'ட்ரீட்டட்'. கன்ட்ரோல்னா மாவு குடுக்காத கிராமம். அது மேல! ஏன்னு கேட்டா இங்கிலீஷ் அகரவரிசைங்கா. நாம என்ன டிக்ஷனரியா போடுதோம்? எங்க ஆபீசுல ஒரு வழக்கம் உண்டு தம்பி. அரசாங்கம் குடுத்தது மொதல் வரி, குடுக்காதது அதுக்கப்புறம். டேபிளானாலும் படமானாலும். முப்பத்திநாலு வருசத்துல ஒரு தாள்ல நான் மாத்தி அனுப்பினது கெடையாது. ஒரு மெமோ வாங்கினது கெடையாது. இன்னும் நாலு மாசத்துல ரிட்டயர்மெண்ட்.

ரிப்போர்ட் அச்சாகிக் கமிட்டிக்குப் போச்சு. பெட்டியில பேரு ரெண்டும் எடம் மாறிக் கெடக்கு! கமிட்டியில ஒரு அம்மா கேட்டுட்டாவ, "மாவு தின்ன பிள்ளை மெலிஞ்சிருக்கு, தின்னாதது கொழுகொழுன்னு இருக்கு. அப்பம் மாவ நிறுத்திரலாமா?"ன்னு. டைரக்டர் பழைய டேபிளக் காட்டி சமாளிச்சாவ. வெளிய வந்து படத்த எம்மூஞ்சிக்கு நேரா நீட்டி, "சுப்பையா ஜி, யே க்யா ஹை?"ங்காவ, இது என்னன்னு. நான் ஒடனே, "புரோகிராம் ப்ரீதா எழுதினது சார்"னேன். பொய்யில்லல்லா? எழுதினது அவதான்.

அத எழுத்துல குடுங்கன்னாவ. இந்தா, பையில இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

அவளாவது சண்டைக்கு வரணும்லா? "சார், நான் குடுத்தப்பம் சரியாத்தான இருந்துச்சு"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. அப்புறம் கேக்கல. தெனமும் 'குட் மார்னிங் சார்'ங்கா. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். என்ன பிள்ளை!

நீங்க எங்க எறங்குதிய?... அட, நானும் அங்கதான். எந்தக் கட்டடம்?... மூணாவது மாடியா? எங்க ஆபீசேதான்! யாரப் பாக்க?... இண்டர்வியூவா? எங்க ஆபீசுல ஏது காலி? லெட்டரக் காமிங்க... 'புரோகிராமர், கான்ட்ராக்ட். ஆர் தெரிந்திருக்க வேண்டும்.'

தேதி... போன புதன்கிழமை.

டைரக்டர்கிட்ட நான் வாயத் தொறந்தது செவ்வாய்க்கிழமை.

...இல்ல, ஒண்ணுமில்ல. சன்னலத் தள்ளி விடுங்க.

தம்பி, உங்களுக்கு ஆர் தெரியும்லா, ஒண்ணு கேக்கேன். லெஜண்ட்ல கீழ இருக்கத மேல கொண்டுவரணும்னா என்ன செய்யணும்?... வரிசையையே மாத்தணுமா. பேர மட்டும் மாத்தி எழுதினா?... ம். ஆமா. கலரு அங்கனயே நிக்கும். பேரு மட்டும் எடம் மாறும். செவப்பு மாவு தின்னதாயிரும்.

அன்னைக்கு அவ லீவு. சாயங்காலம் அச்சுக்குப் போகணும். அவ புரோகிராம நானே தொறந்தேன். நானும் புஸ்தகம் வச்சுப் படிச்சவன்தான், எனக்குத் தெரியாதான்னு ஒரு இது... ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. இத அங்க, அத இங்க. ஓட்டினேன். பெட்டி வந்துச்சு. மொதல் வரி மாவு குடுத்த கிராமம். அவ்வளவு திருப்தி! படத்தப் பாக்கல தம்பி. பெட்டியத்தான் பாத்தேன்.

எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க, இந்த வயசுல ஒமக்கு எதுக்குவே இந்த வேலைன்னு. கேக்கட்டும். பையில இருக்க தாளக் கிழிச்சுட்டு வேற எழுதிக்கிடுதேன்.

ஸ்டாப்பு வந்துட்டு. பையா, ரோக்கோ, ரோக்கோ! கொஞ்சம் கால மடக்குங்க... ஏன், நீங்க எதுக்கு எந்திரிக்கிய? ஒக்காருங்க. பஸ்ஸு கனாட் ப்ளேஸ் வரைக்கும் போவும், அங்கன எறங்கி நல்லாச் சாப்புடுங்க. லெட்டரா? அத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

அந்த வேலை காலியில்ல தம்பி.