மாட்டுப் பாதையில் வந்தவர்

செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே கால். ஓடுகிறோம்.

ஏலச்செடிக்குள் ஓடுவது எளிதல்ல. செடி தலைக்கு மேலே நிற்கும். முன்னால் போகிறவளின் முதுகு மட்டும்தான் தெரியும். காலடியில் ஈரச் சருகு வழுக்குகிறது. மேலே தார் ரோட்டில் விசில் சத்தம். அப்புறம் தகரத்தில் கல். டங். டங். டங். மூன்று. நான்காவதாகக் கண்ணாடி உடைகிறது. அது எங்கள் ஜீப்பாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓடுகிறேன்.

"எல்லாரும் வண்டிக்கு வாங்க! காய்ச் சாக்கப் போட்டுட்டு வாங்க!"

கத்துவது சின்னச்சாமி அண்ணன். ஜீப் டிரைவர். கோம்பையிலிருந்து தினமும் விடிய பன்னிரண்டு பெண்களை மலையேற்றுவார். அதில் நானும் அம்மாவும் உண்டு. ஏலக்காய் எடுப்போம். சாயங்காலம் இறக்கிவிடுவார். மலை கேரளா. அடிவாரம் நாங்கள். கூலிக்குப் போகிற எங்கள் கண்ணில் அந்த எல்லைக்கோடு ஒருநாளும் பட்டதில்லை. அந்த வாரம் பட்டது. அணைத் தண்ணீர்த் தகராறு. அணை உடையும் என்று அங்கே பயம். தண்ணீர் நிற்கும் என்று இங்கே பயம். திங்கட்கிழமையே போகாதீர்கள் என்றார்கள். நமக்கென்ன, நாம் காய் எடுக்கிறவர்கள் என்று போனோம். அவ்வளவு மண்டைக்கனம்.

ஜீப்பின் கண்ணாடிதான் உடைந்திருந்தது. சீட்டு முழுக்கச் சில்லு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பேர் ஏறி, தார்ப்பாயும் கட்டிவிட்டால் ஜீப்புக்குள் தலையை எண்ண முடியாது. ஆள்மேல் ஆள். அதனால் சின்னச்சாமி அண்ணன் தூக்குவாளியை எண்ணுவார். அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி. ஏறுகிறவள் தன் சோற்றுவாளியை அதில் மாட்ட வேண்டும். பன்னிரண்டு வாளி இருந்தால் பன்னிரண்டு ஆள். வருடக்கணக்காக அது தப்பியதில்லை.

அன்று என் கையில் இரண்டு வாளி.

இரண்டாவது என் தங்கை சுதாவுக்கு. சுதாவும் எங்களோடு காய் எடுக்க வந்தவள்தான். அங்கேயே சாபு என்பவரைக் கட்டிக்கொண்டாள். மலையாளத்துக்காரர். தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. கல்யாணத்துக்கு வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. தம்பி பாண்டி அவள் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினான். அம்மா அவள் பெயரையே எடுக்கவில்லை. நான் மட்டும் இரண்டு வருடமாக ஒரு வாளிச் சோற்றைக் காய்ச் சாக்குக்குள் மறைத்துக் கொண்டுபோய் ஸ்டோருக்குப் பின்னால் வைப்பேன். உலையில் அரிசி கூடுதலாக விழுவதை அம்மா பார்த்தாள். ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று இன்னும் கொண்டுபோய் வைக்கவில்லை. சாக்கைப் போடு என்றதும் போட்டேன். இரண்டு வாளியும் வெளியே வந்தன. யாரோ வாங்கி மாட்டினார்கள். நான் பின்பக்கம் ஏறினேன். தார்ப்பாய் மூடியது. உள்ளே இருட்டு. யாரோ என் காலை மிதிக்கிறாள். யாரோ வாந்தி எடுக்கிறாள்.

சின்னச்சாமி அண்ணன் எண்ணுகிறார். "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. ஆச்சு. தலையக் குனிங்க!"

வண்டி கிளம்பியது. தார்ப்பாயில் கல் விழுந்தது. ஏழு வரை எண்ணினேன். அப்புறம் எண்ணவில்லை. அம்மா எப்போதும் முன்சீட்டு. வயதானவர்கள் முன்னால்தான். அம்மாமேல் கல் படக்கூடாது, படக்கூடாது என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

செக்போஸ்ட் தாண்டி இரண்டு வளைவு கழித்து வண்டி நின்றது. தார்ப்பாயை விலக்கி முன்னால் ஓடினேன். முன்சீட்டில் அம்மா இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. எல்லோருக்கும் முன்னால், பதினொரு மணிக்கே ஓடையருகில் போய்ச் சாப்பிடுவாள். அவள் வாளி அவளோடு ஓடையில் இருந்தது. முன்சீட்டில் சில்லு கிடந்ததால் அவள் பின்னால் ஏறியிருப்பாள் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். சுதாவின் வாளி கம்பியில் தொங்கியது. கணக்கு சரியாக வந்துவிட்டது.

திரும்பிப் போகச் சொல்லி அழுதேன். சின்னச்சாமி அண்ணன் காலைப் பிடித்தேன். அவர் நெற்றியில் சில்லு ஏறி ரத்தம் வடிந்தது. "போனா இந்தப் பதினொரு பேரும் சாவாக தாயி" என்றார். அதற்குள் பின்னால் செக்போஸ்ட் கதவை இறக்கினார்கள். இரும்பு இரும்பில் விழுகிற சத்தம். இன்றும் கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் காதைப் பொத்திக்கொள்வேன்.

வீட்டில் பாண்டி கேட்டான். "அம்மா எங்கக்கா?"

சொன்னேன். விட்டுவிட்டு வந்தோம் என்று சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. இரண்டாவது வாளியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சுதா வீடு ஓடைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, சாபு நல்ல மனிதர், அம்மாவை விட்டுவிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு வருடக் களவு வெளியே வரும். பாண்டிக்குப் பயந்தேன். அம்மா உயிரைப் பற்றிய பயத்துக்கு நடுவிலும் இந்தச் சின்னப் பயத்துக்கு இடம் இருந்தது. அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சுதாவின் போன் அணைந்திருந்தது. மலையில் கரண்ட் இல்லை என்றார்கள்.

மலையில் நடந்ததைப் பிறகு அம்மா சொன்னாள். ஓடைப் பாறைக்கு அடியில் ஒடுங்கியிருந்தாளாம். சாபு தேடி வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். சுதா கைக்குழந்தையை அம்மா மடியில் போட்டாள். அம்மா அதுவரை பார்க்காத பேத்தி. வாசலில் இரண்டு முறை ஆட்கள் வந்து, உள்ளே தமிழாள் உண்டா என்று கேட்டார்கள். சாபு நிலைப்படியில் நின்று, உள்ளே இருப்பது என் அம்மா என்றார். இரண்டு முறையும் அதே வார்த்தை.

புதன்கிழமை. காலை எட்டரை.

கதவு போட்ட ரோட்டில் வர முடியாது. மாட்டுப் பாதை ஒன்று உண்டு. புதர் மண்டிக் கிடந்தது. சாபு வெட்டுக்கத்தியால் முள்ளை வெட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். சரிவில் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார். குழந்தையோடு சுதாவால் வர முடியவில்லை. அவள் வந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அடிவாரத்தில் நம் ஆட்கள். இருநூறு பேர் இருக்கும். கையில் கல், கம்பு. பாண்டி முன்வரிசையில். முந்தின நாளிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கண் சிவந்து கிடந்தது. மலையேறி அம்மாவைத் தூக்கி வருவேன் என்று திமிறுகிறான். போலீஸ் கயிறு கட்டித் தடுத்திருக்கிறது. நான் அவன் சட்டையைப் பிடித்தபடி பின்னால் நிற்கிறேன்.

மேலே புதர் அசைகிறது. ஓர் ஆள். கையில் கத்தி. இன்னொரு கையில் ஒரு பொம்பளையின் கை. அவள் சறுக்குகிறாள். அவன் இழுக்கிறான். பழுப்புச் சேலை. அம்மா.

பாண்டி சாபுவைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குப் போயிருந்தால் பார்த்திருப்பான். போட்டோ வந்தது. பிரிக்காமலே அடுப்பில் போட்டான். அந்தக் கூட்டத்தில் அவர் முகம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கிறேன். மூச்சு வருகிறது, சத்தம் வரவில்லை.

மேலிருந்து அவர் கத்தினார். "எறியல்லே! அம்மயாணு! அம்மயாணு!"

மலையாளம். எறியாதீர்கள், இது அம்மா என்றுதான் சொன்னார். அந்தப் பாஷை காதில் விழுந்ததும் கூட்டம் பொங்கியது. பாண்டியின் சட்டை என் கையிலிருந்து கிழிந்து போனது.

அம்மாவின் குரல் மேலே கிழிந்து வருகிறது. "ஏலே பாண்டி, எறியாதடா! நம்ம மாப்பிள்ளடா அவுக!"

இரண்டு வருடத்தில் அம்மா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சொல்லி முடிப்பதற்குள் கல் போய்விட்டது. பலர் எறிந்தார்கள். பாண்டி எறிந்ததும் அதில் ஒன்று. தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். சாபு உட்கார்ந்தார். விழும்போதும் அம்மாவின் கையை விடவில்லை. அவளையும் சேர்த்து உட்காரவைத்தார்.

ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை வரை இருந்தார். பேசவில்லை. பாண்டி வராந்தாவில் தரையிலேயே கிடந்தான். நர்ஸ் "இவுகளுக்கு நீங்க யாரு?" என்று கேட்டபோது மச்சான் என்றான். சொல்லிவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டான். சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு சாபு இறந்தார். செக்போஸ்ட் கதவு திறக்காததால் சுதா முகம் பார்க்க முடியவில்லை. நாங்கள்தான் குளிப்பாட்டினோம். ஒரு வேளைகூடச் சோறு போடாத வீட்டில் அவரைக் கிடத்தினோம்.

இப்போது எண்ணுகிறேன். அன்று ஜீப்பில் போன பன்னிரண்டு பெண்களும் உயிரோடு இருக்கிறோம். அந்த மலையில் எங்களுக்கு வேலை போனது. அம்மாவுக்கு இடது கண் மங்கியது. அழுதே மங்கியது என்கிறாள், டாக்டர் சர்க்கரை என்கிறார். பாண்டி மேல் வழக்கு நடக்கிறது. கோர்ட்டில் எறியவில்லை என்று சொல்லச் சொன்னார் வக்கீல். எறிந்தேன் என்று சொன்னான். சுதா குழந்தையோடு மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஒருமுறை போன் எடுத்தாள். "அக்கா, இனிமே கூப்பிடாத" என்றாள்.

கலவரத்தில் செத்தவர்கள் என்று அங்கே சொல்கிற பெயர்களில் சாபு இல்லை. செத்தது இங்கே. இங்கே சொல்கிற பெயர்களிலும் இல்லை. ஊர் அங்கே. அதனால் நான் எழுதி வைக்கிறேன். சாபு. வயது முப்பத்தொன்று. எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

எங்கள் வீட்டில் செத்தவர் ஒருவர். கொன்றதும் எங்கள் வீடுதான்.