தக்கைப்பூண்டுக் கோட்டை

தனபாக்கியம்: குனிஞ்சு வாங்க டீச்சர்... தலையெல்லாம் பூ கொட்டுது.

பிரகதாம்பாள்: கொட்டட்டும். நீ பேசாத. வழி தேடுற கோட்டையில சந்து வெட்டினவ வழி சொல்லக்கூடாது.

தனபாக்கியம்: வழியா சொன்னேன்? பூவத்தானே சொன்னேன்.

பிரகதாம்பாள்: பூவுல ஆரம்பிப்ப. அப்புறம் "அங்க எறும்புப் புத்து இருக்கு, பாத்து"ம்ப. போன கோட்டையில அப்படித்தான் என்னைத் திருப்பிவிட்ட.

தனபாக்கியம்: புத்து நெசமாவே இருந்துச்சு டீச்சர்!

பிரகதாம்பாள்: இருந்துச்சு. புத்துக்குப் பின்னாடிதான் வழியும் இருந்துச்சு. சிரிக்காத.

தனபாக்கியம்: சிரிக்கல, சிரிக்கல... போங்க.

பிரகதாம்பாள்: அடேயப்பா. எப்படி வளந்திருக்கு! போன தடவ எக்கிப் பாத்தா ரோடு தெரிஞ்சது.

தனபாக்கியம்: இந்தத் தடவ எக்க முடியாதுல்ல? ஆளு உசரத்தத் தாண்டிடுச்சு. தக்கைப்பூண்டு விட்டா அப்படித்தான். உழுது மடக்கியிருந்தா இந்நேரம் எருவாயிருக்கும்.

பிரகதாம்பாள்: உழக்கூடாதுன்னுதான் உத்தரவாச்சே.

தனபாக்கியம்: உழக்கூடாது, நெல்லு வைக்கக்கூடாது, தண்ணி கட்டக்கூடாது. ரெண்டு தரப்புக்கும் சேத்துத்தான் கோர்ட்டுல சொன்னாங்க. தானா முளைச்ச பூண்டுல சந்து வெட்டி வெளையாடக்கூடாதுன்னு யாரும் சொல்லல.

பிரகதாம்பாள்: அவங்களுக்குத் தோணியிருக்காது... இரு. இங்க ரெண்டா பிரியுது.

தனபாக்கியம்: ம்.

பிரகதாம்பாள்: 'ம்'முன்னா?

தனபாக்கியம்: சும்மா 'ம்'.

பிரகதாம்பாள்: இடது பக்கம் நல்லா அகலமா வெட்டியிருக்க. வா வான்னு கூப்பிடுது. அப்ப அது முட்டுச் சந்து. வலது பக்கம் போறேன்.

தனபாக்கியம்: அகலமா இருந்தா முட்டுன்னு நீங்க நெனைப்பீங்கன்னு நான் நெனைச்சிருந்தா?

பிரகதாம்பாள்: அதையும் நெனைச்சிருப்ப. உன் மூளை அப்படி... சரி, இடது.

தனபாக்கியம்: நல்லா யோசிச்சிக்கிங்க.

பிரகதாம்பாள்: கொல்லாத. இடதுன்னா இடதுதான்... என்ன நின்னுட்ட?

தனபாக்கியம்: இல்ல... இங்க யாரு மிதிச்சது? நேத்து மத்தியானம் வெட்டிட்டு இந்தப் பக்கமே நான் வரல.

பிரகதாம்பாள்: ஆடு பூந்திருக்கும்.

தனபாக்கியம்: ஆடு பூந்தா தழையத் தின்னிருக்கும். இது நடந்த மாதிரியில்ல இருக்கு...

பிரகதாம்பாள்: ஆடுன்னா எல்லாம் திங்குமா? ஏதோ ஒண்ணு. மேல பாரு தனபாக்கியம்.

தனபாக்கியம்: என்ன?

பிரகதாம்பாள்: வானம். நீ வெட்டின சந்து எப்படி வளையுதோ, அப்படியே மேலயும் வளைஞ்சு போவுது பாரு. நீலமா ஒரு கோட்டை.

தனபாக்கியம்: அட... ஆமா டீச்சர். அந்தத் தும்பி அதுக்குள்ள வழி தேடுது.

பிரகதாம்பாள்: அதுக்கென்ன, மேல பறந்தா வெளிய போயிடும்.

தனபாக்கியம்: போகலையே. நம்ம மாதிரியே சந்துக்குள்ளதான் சுத்துது.

பிரகதாம்பாள்: எனக்கு இப்பல்லாம் கனவே இதுதான். நேத்தைக்கு முந்தின நாளு வந்தது... ஆத்துத் தண்ணி வாய்க்காலுக்கு வந்து, வாய்க்கால் சின்னக் கன்னி வாய்க்காலாப் பிரிஞ்சு, கன்னி வயலுக்குப் பிரிஞ்சு... நான் அதுல ஒரு இலை மேல உக்காந்திருக்கேன். பிரியிற இடத்துல எல்லாம் தண்ணி நின்னு என்னைக் கேக்குது, எந்தப் பக்கம் டீச்சர்னு.

தனபாக்கியம்: தண்ணியும் டீச்சர்னுதான் கூப்பிட்டுச்சா?

பிரகதாம்பாள்: பின்ன? அதுவும் என்கிட்ட நாலாவது படிச்சிருக்கும்.

தனபாக்கியம்: நீங்க என்ன சொன்னீங்க?

பிரகதாம்பாள்: எந்தப் பக்கமும் சொல்லல. இங்கயே நில்லுன்னேன். நின்னுடுச்சு. அப்படியே கண்ணாடி மாதிரி... முழிச்சப்புறமும் கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனசே இல்ல.

தனபாக்கியம்: எனக்குக் கனவெல்லாம் வராது. படுத்தா கட்டதான். ஆனா நாத்தங்கால்ல குனிஞ்சிருக்கும்போது வரும். கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு இங்க சந்து வெட்டிக்கிட்டிருக்கும்.

பிரகதாம்பாள்: அது கனவுதான்.

தனபாக்கியம்: பக்கத்துல இருக்கிறவ கேக்குறா, என்னடி தானா சிரிக்கிறன்னு. டீச்சர எங்க முட்ட வைக்கலாம்னு யோசிக்கிறேன்னா சொல்ல முடியும்?

பிரகதாம்பாள்: முட்டிட்டேன். பாரு. இடது பக்கமும் முட்டுதான்.

தனபாக்கியம்: அதான் சொன்னேன்ல!

பிரகதாம்பாள்: நீ ஒண்ணுமே சொல்லல!... திரும்பு. அந்த ரெண்டா பிரிஞ்ச இடம் வரைக்கும் போவோம்.

தனபாக்கியம்: என்ன டீச்சர், புடவை புதுசா? பள்ளிக்கூடத்துக்கு இத கட்ட மாட்டீங்களே.

பிரகதாம்பாள்: லீவு போட்டிருக்கேன்.

தனபாக்கியம்: ஓ...

பிரகதாம்பாள்: ஏன், உனக்குத் தெரியாதா இன்னிக்கு என்னன்னு?

தனபாக்கியம்: தெரியும்... வாய்தா.

பிரகதாம்பாள்: நீ கெளம்பல?

தனபாக்கியம்: கொழுந்தன் காலையிலயே போயிட்டாரு. நீ வர வேணாம், வக்கீலு பாத்துக்குவாருன்னாரு. உங்க அண்ணன்?

பிரகதாம்பாள்: நேத்தே திருவாரூர் போயாச்சு. வக்கீலோட உக்காந்து பேசணுமாம். பதினோரு மணிக்குள்ள பஸ்ஸப் புடிச்சு வந்து சேருன்னாரு.

தனபாக்கியம்: அப்ப... நேரம் இருக்குல்ல?

பிரகதாம்பாள்: இருக்கு. மதகடியிலதானே பஸ் நிக்கும். இங்கேருந்து ஒரு எட்டு. நீதான் கோட்டை முடிஞ்சிடுச்சுன்னு சொல்லி விட்டியே... பாக்காம எப்படிப் போவேன்?

தனபாக்கியம்: ஆமா. அதானே.

பிரகதாம்பாள்: நமக்கு இந்தப் பைத்தியம் புடிச்சதே அந்தக் கோர்ட்டு வாசல்லதான். ஞாபகம் இருக்கா?

தனபாக்கியம்: வேப்பமரத்தடி. நீங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். உங்க முகத்தப் பாக்கவே கூடாதுன்னு கொழுந்தன் சொல்லியிருந்தாரு.

பிரகதாம்பாள்: எனக்கும் அண்ணன் அதேதான் சொல்லியிருந்தாரு. பொழுது போகாம கொண்டை ஊசியால மண்ணுல கோட்டை போட்டுக்கிட்டிருந்தேன். பிள்ளைங்களுக்குப் போர்டுல போடுவேன்ல, அது மாதிரி.

தனபாக்கியம்: நான் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேன். உங்கள உள்ள கூப்பிட்டாங்க. நீங்க போனதும் ஓடி வந்து வெரலால ஓட்டிப் பாத்தேன்.

பிரகதாம்பாள்: திரும்பி வந்தா, என் கோட்டைக்குப் பக்கத்துல இன்னொரு கோட்டை! யாரு போட்டதுன்னு கேட்டா எல்லாரும் மரத்தப் பாக்குறாங்க.

தனபாக்கியம்: நானுந்தான் மரத்தப் பாத்தேன்.

பிரகதாம்பாள்: அதுல வழி கண்டுபிடிக்க அடுத்த வாய்தா வரைக்கும் ஆச்சு எனக்கு... என்ன சத்தம்?

தனபாக்கியம்: பஸ்ஸு. திருவாரூர் பஸ்ஸு.

பிரகதாம்பாள்: போகட்டும். பின்னாலயே இன்னொண்ணு வரும்.

தனபாக்கியம்: ம்... வரும்.

பிரகதாம்பாள்: வலது பக்கம் போவோம். உள்ள என்ன இப்படி இருட்டா இருக்கு? நல்லா இருக்கு. வாசனையப் பாரு.

தனபாக்கியம்: பச்சை வாசனை. டீச்சர்... ஒண்ணு கேக்கட்டுமா?

பிரகதாம்பாள்: கேளு.

தனபாக்கியம்: இன்னிக்கு உங்கள என்ன சொல்லச் சொல்லியிருக்காங்க?

பிரகதாம்பாள்: அத ஏன் கேக்குற...

தனபாக்கியம்: வேணாம்னா வேணாம்.

பிரகதாம்பாள்: இந்த வயல்ல எங்க வீட்டுச் சொந்தப் பண்ணையந்தான் நடந்ததுன்னு சொல்லணும். உத்திராபதின்னு ஒரு குத்தகைக்காரர எனக்குத் தெரியாது. கூலிக்கு வந்த ஆள்ல ஒருத்தரா இருக்கலாம்... அப்படி.

தனபாக்கியம்: தெரியாதா? அறுப்பு முடிஞ்சா உங்க வீட்டுக் களத்துல நின்னுதானே டீச்சர் எங்க வீட்டுக்காரரு குத்தகை நெல்லு அளந்தாரு? நீங்கதானே மோர் கொண்டாந்து குடுத்தீங்க?

பிரகதாம்பாள்: நான்தான்.

தனபாக்கியம்: அவரு செத்தன்னிக்குத் தெருக்கோடி வரைக்கும் வந்தீங்களே.

பிரகதாம்பாள்: வந்தேன்... நில உச்சவரம்புச் சட்டம் வருதுன்னதும் அண்ணன் இந்த வயல என் பேருல எழுதினாரு. எனக்குச் சொல்லவே இல்ல. ஒருநாள் கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேன். உனக்கு?

தனபாக்கியம்: குத்தகை என் பேருக்கு வந்தது கொழுந்தன் விவசாயச் சங்கத்துல எழுதிப் போட்டப்புறந்தான் எனக்கே தெரியும். கேசு நம்ம பேருல. சண்ட அவங்களுது.

பிரகதாம்பாள்: போன வருஷம் இந்த வரப்புல உங்க தரப்பு மருதையன் மண்டை உடைஞ்சப்ப, நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எங்க ஆள்தான் அடிச்சான்.

தனபாக்கியம்: எங்க ஆளுங்களும் சும்மா இல்லியே டீச்சர். விடுங்க.

பிரகதாம்பாள்: இங்கயும் முட்டு.

தனபாக்கியம்: ஆமா...

பிரகதாம்பாள்: நல்ல முட்டு. உக்காரலாம் போல இருக்கு. உக்காரு, புடவை கெட்டா கெடட்டும். குடவாசல்ல ஒரு வீடு பாத்தேன் தனபாக்கியம்.

தனபாக்கியம்: வீடா? யாருக்கு?

பிரகதாம்பாள்: சின்ன வீடுதான். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிடலாம். கொல்லையில நல்ல இடம் இருக்கு. செங்கல்ல அடுக்கிக் கோட்டை கட்டலாம், மழைக்கு அழியாது.

தனபாக்கியம்: அண்ணன் வீடு இருக்க, உங்களுக்கு எதுக்கு வீடு?

பிரகதாம்பாள்: சும்மா பாத்தேன்... ஒருத்தி எத்தனை நாளைக்கு அண்ணன் வீட்டுலயே இருக்குறது?

தனபாக்கியம்: டீச்சர்... அடுத்த பஸ்ஸு.

பிரகதாம்பாள்: ம்?

தனபாக்கியம்: ஆரன் அடிக்கிறான். மதகடிக்கு வந்துட்டான்.

பிரகதாம்பாள்: ஆமா.

தனபாக்கியம்: இத விட்டா பதினோரு மணிக்குள்ள போக முடியாது.

பிரகதாம்பாள்: வழி கண்டுபிடிக்கலையே இன்னும்.

தனபாக்கியம்: வந்த வாசல் வழியாவே திரும்பி...

பிரகதாம்பாள்: வந்த வாசல்ல திரும்பினா தோத்ததா அர்த்தம். என்னிக்காவது அப்படிப் போயிருக்கேனா?

தனபாக்கியம்: இல்ல...

பிரகதாம்பாள்: அப்புறம்?

தனபாக்கியம்: ... போயிடுச்சு.

பிரகதாம்பாள்: போயிடுச்சா? சரி.

தனபாக்கியம்: டீச்சர், நீங்க போகலைன்னா என்ன ஆகும்?

பிரகதாம்பாள்: இதுவரைக்கும் தள்ளித் தள்ளிப் போட்டாச்சு. மனு குடுத்தவங்க இன்னிக்கும் வந்து சாட்சி சொல்லலைன்னா தள்ளுபடின்னு போன வாய்தாவுலயே சொல்லிட்டாங்க. வயல் உன்கிட்டயே இருக்கும். ஏய், என்ன அழுவுற?

தனபாக்கியம்: அழுவல. பூண்டுத் தூசி...

பிரகதாம்பாள்: இங்க பாரு.

தனபாக்கியம்: என்னைப் பாக்காதீங்க டீச்சர். நான் உங்களுக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன்.

பிரகதாம்பாள்: என்ன பண்ணின?

தனபாக்கியம்: சங்கத்துல பேசிக்கிட்டாங்க... டீச்சரு ஏறுற பஸ்ஸ மறிப்போம், எறக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவோம்னு. பஸ்ஸ மறிச்சா அங்க உங்க ஆளுங்களும் வருவாங்க. கம்பு, அரிவாளு... நடுவுல நீங்க. என்னால நெனைச்சுப் பாக்கவே முடியல. நீங்க யாரும் போகாதீங்க, டீச்சர நான் பாத்துக்குறேன்னு சொல்லிட்டேன்.

பிரகதாம்பாள்: சொல்லிட்டு?

தனபாக்கியம்: உங்களுக்கு ஆள விட்டேன், கோட்டை முடிஞ்சிடுச்சுன்னு. கோட்டைன்னா நீங்க எங்க இருந்தாலும் வந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும்ல. அந்த ஆசைய வச்சே உங்கள அடைச்சுட்டேன்.

பிரகதாம்பாள்: கஷ்டமான கோட்டையா வெட்டின, அவ்வளவுதானே?

தனபாக்கியம்: இல்ல டீச்சர்... இதுல வழியே இல்ல. நான் வெட்டல. எந்தப் பக்கம் போனாலும் முட்டுதான். கடைசிப் பஸ்ஸு போற வரைக்கும் நீங்க தேடிக்கிட்டே இருக்கணும்னு... இப்படி ஒரு பொய்க் கோட்டைய உங்களுக்குப் போயி வெட்டிட்டேனே. உங்க அண்ணன் உங்கள வீட்டுக்குள்ள சேப்பாரா? என்னை நாலு அடி அடிச்சிருங்க டீச்சர்.

பிரகதாம்பாள்: அடி அசடு, கண்ணத் தொடை... நேத்து சாயங்காலம், நீ நாத்தங்காலுக்குப் போயிருந்தப்ப நான் இங்க வந்தேன். ஆசைய அடக்க முடியல. ஒரு சந்து விடாம நடந்து பாத்தேன். எங்கயும் வழி இல்லைன்னு தெரிஞ்சப்புறந்தான் வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கினேன்.