சின்னவ யாரு?

— துடைச்சீங்க, சரி. துடைச்சுட்டுப் பாப்பாவ எந்தப் பக்கம் படுக்க வச்சீங்க?

— சன்னல் பக்கம்தான்டி. அப்புறம் இவ அழுதா, தூக்கினேன். உடனே அவ அழுதா. இவள வச்சுட்டு அவளத் தூக்கினேன். அதுக்கப்புறம்... தலையே சுத்துது, போ.

— டாக்டரம்மா, கேட்டீங்களா இந்தக் கூத்த? ரெட்டைங்களாச்சேன்னு அடையாளத்துக்கு சின்னவ கால் கட்டைவிரல்ல நகப்பூச்சு வச்சிருந்தேன். பெத்த அப்பா அத அழிச்சுட்டு வந்து நிக்கிறாரு!

— கால் விரல வாயில வச்சு சப்பினா, டாக்டரம்மா. சாயம் வயித்துக்குள்ள போயிடாதா?

— பதறாதீங்க ரெண்டு பேரும். மருந்து சின்னவளுக்குத்தானே?

— ஆமா. பொறந்ததுமே இதயத்துல ஓட்டைன்னு நீங்கதான் சொட்டு மருந்து எழுதினீங்க. பெரியவளுக்கு ஒரு குறையும் இல்லன்னீங்க. மருந்து குடுக்கற நேரம் தாண்டுது. மாத்திக் குடுத்துட்டா?

— மாத்திக் குடுக்கவே கூடாது. கொஞ்சம் அழுகை அடங்கட்டும், நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டா தெரிஞ்சுடும். ஓட்டை இருந்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்கும்.

— "சின்னக்குட்டி"ன்னு கூப்பிட்டுக்கூடப் பாத்தேன், டாக்டரம்மா. ரெண்டும் சிரிக்குது.

— உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தாங்க சிரிப்பு வராது?

— ஏன், நீ பெத்தவதானே? நீ சொல்லேன்!

— சொல்லத் தெரிஞ்சா இங்க எதுக்கு ஓடி வர்றேன்? வயித்துல சுமந்தவளுக்கே அடையாளம் தெரியல. வெளிய சொன்னா வெக்கக்கேடு.

— அழாதீங்கம்மா. ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குதுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க? பால் குடிக்கிறப்ப வித்தியாசம் தெரியாதா?

— சின்னவளுக்கு மூச்சு வாங்கும், நெத்தி வேர்க்கும். அதையும் பாத்தேன். இன்னிக்கு ரெண்டு பேருக்கும் வேர்த்துச்சு. வெயிலும் சுட்டெரிக்குதுல்ல.

— ம்... அடங்கிட்டாங்க. இந்தப் பாப்பா சட்டைய விலக்குங்க. பேசாதீங்க... ஆங், கேக்குது. நல்லாவே கேக்குது.

— அப்பாடா! என் கண்ணே, நீயாடி சின்னவ! என்னங்க, மருந்த எடுங்க. நகப்பூச்சும் பையில இருக்கு பாருங்க.

— இருடி, எடுக்கறேன். டாக்டரம்மா, அவ பெரியவதானே? அவ நெஞ்சுல எதுக்கு வைக்கிறீங்க?

— எதுக்கும் பாத்துடலாம்னு... உஷ்ஷ்.

— என்ன டாக்டரம்மா, இவ்ளோ நேரம் கேக்கறீங்க?

— அம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க. இந்த நெஞ்சுலயும் அதே சத்தம்தான் கேக்குது.