அனுப்புநர்

இல்ல மேடம், பரவால்ல, நின்னுக்கிட்டே பேசுறேன். ஓட்டல்ல நாள் பூரா நின்னு பாத்திரம் தேய்க்கிறவ, பழக்கந்தான். வரிசைல கடைசியா வந்தது வேணும்னுதான். கையெழுத்து வாங்குற பிள்ளைங்கல்லாம் போகட்டும்னு இருந்தேன்.

ஆமா, உங்க புத்தகந்தான். அட்டை கிழிஞ்சிருக்கா? என் மக அத்தனை வாட்டி படிச்சிருக்கா. ஒம்போது வயசு. பொழைக்க வந்த குடும்பத்தைப் பத்தி நம்ம பாஷைலயே புத்தகம்னதும் அவளுக்குத் தலகால் புரியல. அம்மா, இது நம்ம வீடும்மான்னா. ஒரே ரூம், நடுவுல போர்வையக் கட்டித் தடுப்பு, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. குத்தம் சொல்ல வரல.

கதைல அந்தப் பொண்ணு பெரிய ஆபீசருக்கு லெட்டர் போடுறா இல்ல, எங்கப்பாவ முதலாளி கொடுமைப்படுத்துறாருன்னு? ஆபீசரே வீடு தேடி வர்றாரு. உக்காந்து டீ குடிக்கிறாரு. அப்புறம் முதலாளியக் கூப்பிட்டு ஒரு வாங்கு வாங்குறாரு. படத்துல அவருக்கு நல்ல தொப்பை வேற. சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன், அப்போ.

என் வீட்டுக்காரருக்கு லாண்டரில வேலை. இஸ்திரி மிஷின்ல கை மாட்டி மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா விசா பேப்பர் கேப்பாங்க. பேப்பர் முதலாளி பீரோவுல. புதுப்பிச்சுத் தர்றேன்னு வாங்கி வச்ச மனுஷன், தேதி முடியிற வரைக்கும் அசையல. முடிஞ்சப்புறம் அவரு வச்சதுதான் சட்டம். இவரு வெந்த கையில துணியச் சுத்திக்கிட்டு மறுநாளே போனாரு. என்னால வாயத் தொறக்க முடியல.

தொறந்தது என் மகதான். உங்க கதைல வர்ற மாதிரியே ஆபீசருக்கு லெட்டர் போட்டுட்டா. எங்ககிட்ட மூச்சு விடல. எப்படி எழுதணும்னு அவங்கப்பா என்னைக்கோ சொல்லிக் குடுத்திருக்காரு, அவரு படிச்ச மாதிரியே. மேல அனுப்புநர், பேரு, முழு முகவரி. அதுக்குக் கீழதான் பெறுநர். முகவரி போடலன்னா அது மொட்டைக் கடுதாசி, மரியாதை இல்லம்பாரு. அவளும் மரியாதையாத்தான் எழுதியிருக்கா. இந்த ஊர் பாஷைல, மணி மணியா. மூணாவது மாடி, பின்பக்கப் படிக்கட்டு, பெல் கிடையாது, கதவைத் தட்டணும்னு.

லாண்டரியா? அது தொறந்துதான் இருக்கு. முதலாளிக்கு ஒரு கொறையும் இல்ல.

ஞாயித்துக்கிழமை காலைல வந்தாங்க, ஆபீசருங்க ரெண்டு பேரு. நேரா பின்பக்கப் படிக்கட்டு. யாருகிட்டயும் வழி கேக்கல. பெல்லத் தேடல, தட்டினாங்க. அவதான் ஓடிப்போய்த் தொறந்தா. வாங்க சார், உக்காருங்கன்னு நாற்காலிய இழுத்துப் போட்டா. அம்மா, டீ போடும்மான்னா. நான் அடுப்பப் பத்த வைக்கிறதுக்குள்ள இவரக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. பேப்பர் இல்லாதவருன்னு நாட்டை விட்டே அனுப்பியாச்சு. என் பேப்பர் என் பையிலயே இருந்துச்சு, அதான் நான் இங்க நிக்கிறேன்.

இல்ல மேடம், கையெழுத்து வேண்டாம். முதலாளிக்கு எதிரா சாட்சி சொல்ல அப்பா போயிருக்காருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் திருத்தல. எப்போ வருவாருன்னுகூடக் கேக்கறதில்ல. அந்த ஆபீசர் ஏன் உக்காரலன்னுதான் தெனம் கேக்குறா. எழுதினவங்க நீங்கதான? வெளில நிக்குறா. கூப்பிடட்டுமா?